உறவில்லாச் சான்றிதழ்

எருமப்பட்டி குதிரைக் கண்காட்சிக்குச் சென்னிமலைதான் வெகுகாலமாக நடுவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் புதிதாக வந்த அதிகாரி, போட்டிக்காரர் எவருக்கும் நடுவர் உறவில்லை என்று சான்றிதழ் இருந்தே ஆகவேண்டும் என்றார்.

"பழைய நடுவருக்குமாங்க?"

"எல்லாருக்கும்தான். ஒருத்தர் உறவுன்னு சொன்னாலும் நீங்க நடுவரா உக்கார முடியாது."

குதிரைக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அதிகாரி விசாரித்தார். எல்லோரும் இல்லை என்றார்கள். சென்னிமலையின் விரல்கள் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தன.

கடைசியாக ஜலகண்டாபுரத்து வேலுமணி செவலைக் குதிரையோடு வந்து நின்றான். உள்ளூர்க்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"இவரு உங்களுக்கு உறவா?"

வேலுமணி நிமிரவில்லை. குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டே, "யாருன்னே தெரியாதுங்க" என்றான்.

அதிகாரி முத்திரை குத்திச் சான்றிதழை நீட்டினார். "இனி நீங்கதான் நடுவர். அப்புறம் ஏன் முகம் வாடிப்போச்சு?"

"ஒண்ணுமில்லீங்க."

பதவி போனால் போகட்டும், 'எங்கப்பனுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டானா என்றுதான் அவர் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தார்.