பச்சைப் பலகை

அன்று காலை என் கணவர் சலவைக் கடை வாசலில் பச்சைப் பலகையைத் துடைத்து மாட்டினார்: ‘இங்கே ஊழியர் எவரும் நச்சு ரசாயனத்தைத் தொடுவதில்லை.’

சுற்றுச்சூழல் பயிற்சிக்குப் போய்வந்ததும் அவர் வைத்த விதி அது. அதனால் ஆட்கள் நிலைத்தார்கள், கடையும் நிலைத்தது.

“அப்போ எண்ணெய்க் கறையெல்லாம் யாரு முதலாளி எடுக்கிறது, பூதமா?” என்று இஸ்திரிக்காரர் சீண்டினார்.

“ஆமாய்யா. சம்பளம் கேக்காத பூதம்.” இருமிக்கொண்டே சிரித்தார் என் கணவர்.

மதியம் சுருண்டு விழுந்தவர் பிறகு எழவில்லை.

“நுரையீரலே வெந்துபோயிருந்ததும்மா. கெமிக்கல்ல எத்தனை வருஷமா வேலை பார்த்தார்?” என்றார் டாக்டர்.

“அவர் முதலாளிங்க,” என்றேன்.

அவர் பூட்டியே வைத்திருந்த பின்னறையைத் திறந்தேன். ரசாயன டப்பாக்கள், ஒரே ஒரு ஜோடி கையுறை.

கடையை நான் மூடவில்லை. கையுறை எனக்குச் சற்றுப் பெரிது. பலகையில் எழுதியிருப்பது இன்றும் உண்மைதான்.