ஏழு எம்.எம். குழப்பம்

"அதைக் கீழ வைம்மா. அது உனக்கு வேணாம்."

டானா திகைத்து நின்றாள். கையில் பளபளவென்று ஒரு கறுப்பு வெட்சூட், குளிர்ந்த கடலில் முங்குகிறவர்கள் போடும் ரப்பர் உடை. விலைச்சீட்டில் நூற்றுப்பத்து டாலர். அவளிடம் இருந்தது நூற்றிருபது. தீயணைப்பு நிலையக் கூடத்தில் டைவிங் கிளப்காரர்கள் வருஷா வருஷம் போடும் பழைய சாமான் விற்பனை அது. விற்க உட்கார்ந்திருப்பவளே வாங்காதே என்று சொன்னால் என்ன செய்வது?

"ஏங்க? நல்லாத்தானே இருக்கு? ஏழு எம்.எம். கனம்னு போட்டிருக்கே."

"போட்டிருக்கும். ஆழத்துல அமுங்கி அமுங்கி ரப்பர் செத்துப்போச்சு. இப்ப அஞ்சுகூடத் தேறாது." மேஜைக்குப் பின்னால் இருந்த பெட்ராவுக்கு நாற்பது வயதிருக்கும். டோநட்டை மென்றுகொண்டே கேட்டாள். "எங்க முங்கப் போற?"

"நாளைக்குப் பரீட்சைங்க. கடற்பாசியைத் தின்னு தீர்க்குதே, முள்ளு உருண்டை மாதிரி, அந்தக் கடல் முள்ளெலிங்களைப் பொறுக்குற வேலைக்கு. நாப்பது நிமிஷம் அடியில இருந்து காட்டணும். போன மாசம் இருபத்திரண்டாவது நிமிஷத்துலயே மேல வந்துட்டேன். குளிர்ல பல்லு கிட்டிப்போச்சு. இதையும் கோட்டை விட்டேன்னா வேலை போச்சு. மூணாவது வாய்ப்பு கிடையாது."

பெட்ராவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"போன மாசமா? கரடிக் குடாவுலயா?"

"ஆமா."

பெட்ரா அவளைத் தலை முதல் கால் வரை ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வை டானாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"இங்கயே நில்லு. எதையும் வாங்கித் தொலைச்சுடாதே!"

சொல்லிவிட்டு வெளியே நிறுத்தியிருந்த தன் டிரக்கை நோக்கி ஓடினாள். திரும்பி வரும்போது தோளில் ஒரு வெட்சூட் தொங்கியது. முழங்காலில் இரண்டு ஒட்டு, இடுப்பில் ஒன்று, நிறமோ சாம்பலா பச்சையா என்று சொல்ல முடியாத ஒரு நிறம்.

மூன்று நாளாக இணையத்தில் படித்துப் படித்து டானாவுக்கு ஏற்கனவே மண்டை காய்ந்திருந்தது. ஒருவர் ஐந்து எம்.எம். போதும் என்கிறார். இன்னொருவர் ஏழுக்குக் குறைந்தால் செத்தாய் என்கிறார். மூன்றாமவர் மேல் கீழ் என இரண்டு துண்டாக வாங்கச் சொல்கிறார். இப்போது இந்தம்மா வேறு, மேஜையில் இருப்பதை விட்டுவிட்டு டிரக்கிலிருந்து ஒட்டுப்போட்டதைக் கொண்டுவந்து நீட்டுகிறாள்.

"பாதத்துல இந்த ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைச் சுத்திக்கிட்டு நுழை. வழுக்கிக்கிட்டுப் போகும்."

திரைக்குப் பின்னால் கால் மணி நேரம் மல்லுக்கட்டினாள் டானா. வெளியே வந்தபோது முகம் சிவந்து வியர்த்துக் கொட்டியது.

"மூச்சு முட்டுதுங்க."

"முட்டட்டும். குனி. உட்காரு. கையைத் தூக்கு." பெட்ரா அவள் கழுத்தோரம் விரலை நுழைக்கப் பார்த்தாள், நுழையவில்லை. இடுப்புக்குப் பின்னால் தட்டினாள், தொளதொளப்பு இல்லை. "அப்படிப் போடு! எங்க இடைவெளி இருக்கோ அங்கதான் பச்சத்தண்ணி புகும். இது உனக்கே தைச்ச மாதிரி இருக்கு."

"எவ்வளவு?"

"நூத்தி இருபது."

"பெட்ரோலுக்குக் கொஞ்சம் மிச்சம் வேணுமே..."

"அப்ப எழுபது."

டானா விழித்தாள். அவள் இன்னும் பேரமே பேசவில்லை.

"சரி, அம்பது. தலையுறை, கையுறை ரெண்டும் சும்மா வச்சுக்கோ."

விலை இறங்க இறங்க டானாவுக்குச் சந்தேகம் ஏறியது. நல்ல சாமானை யார் இப்படித் தள்ளிவிடுவார்கள்? எங்கோ ஓட்டை இருக்கிறது. முதுகுப்பக்கம் தடவிப் பார்த்தாள், தைத்த இடமெல்லாம் இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அதுவே இன்னும் பயமாக இருந்தது.

"இதை எனக்கு விக்கிறதுல உங்களுக்கு என்னங்க லாபம்?"

"நிறைய இருக்கு. காலையில வயிறு நிறையச் சூடா ஓட்ஸ் சாப்பிடு. ஏழு மணிக்கு வந்துடு."

பரீட்சை ஏழு மணிக்கு என்று தான் சொல்லவே இல்லையே என்பது, பணத்தைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிய பிறகுதான் டானாவுக்கு உறைத்தது. கிறுக்குப் பிடித்தவளோ என்று நினைத்தாள். ஐம்பது டாலரும் கடலோடு போகப்போகிறது என்று அழுகை வந்தது.

மறுநாள் காலை குடாவில் ஒரே மூடுபனி. தலையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. பரீட்சை எண்ணைக் கூப்பிடக் கூப்பிட, ஜோடி ஜோடியாகத் தண்ணீரில் இறங்கினார்கள். போன தடவை வெட்கத்தில் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் காருக்கு ஓடியவள் டானா. இந்தத் தடவை பயத்தில் யாரையும் பார்க்கவில்லை.

அடியில் இருட்டாக இருந்தது. கூட வந்த பெண் நிமிஷத்துக்கொரு தரம் விரலை வளைத்து 'சரியா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். டானாவும் 'சரி' என்று விரலை வளைத்தாள். இருபத்திரண்டாவது நிமிஷத்தில் அந்தப் பெண் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள், விடவே இல்லை. ஆனால் டானாவுக்கு முதுகில் ஒரு சிலுசிலுப்பும் இல்லை. அவளால் நம்பவே முடியவில்லை.

நாற்பது நிமிஷம் முடிந்து மேலே வந்ததும், டானா சந்தோஷத்தில் கத்தினாள். பக்கத்தில் இருந்தவள் கண்ணாடியைக் கழற்றினாள். பெட்ரா.

"நீங்களா! நீங்களா என் ஜோடி?"

"போன மாசமும் நான்தான் தாயே! ஒருத்தி மேல வந்தா கூடப் போனவளும் வந்தே ஆகணும், மறுபடியும் அதே ஜோடியாத்தான் இறங்கணும்னு சட்டம். எனக்கு ஒரு பொட்டுக்கூடக் குளிரலை, உன் பல்லு கிட்டுனதுக்கு நானும் ஃபெயிலானேன்!"