லாக்கருக்குப் போகவேண்டிய மாலை

பெர்சிஸ் அக்கா மாலையின் ஒரு முத்தை எடுத்து முன்பல்லில் தேய்த்தார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அம்மாவின் மாலையை ஒரு வார்த்தை கேட்காமல் வாயில் வைக்கிறாரே.

"நறநறன்னு இருக்கு. அசல் முத்துதான்" என்றார். அவருடையது தூத்துக்குடிக் குடும்பம். ராயபுரத்தில் முத்துக்கடை வைத்து இரண்டு தலைமுறை ஆகிறது.

அம்மாவுக்கு இந்த மாலையைக் கொடுத்த ஆலிஸ் அம்மாவின் கடிதம் என் பையில் தயாராக இருந்தது. 'இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?' என்று கேட்டால் மேசைமேல் அறைந்து காட்டுவதற்கு. அம்மா மாதிரி தெருக் கூட்டுகிறவள் கையில் முத்து மாலையைப் பார்த்தால் எவருக்கும் அந்தக் கேள்விதான் வரும்.

அவர் கேட்கவே இல்லை. கொண்டுபோன கோபம் மிச்சமாகிவிட்டது.

"பேங்க்ல எனக்கு லாக்கர் கெடைச்சிருக்குக்கா. உள்ள வைக்கிறதுக்கு முன்னாடி பாத்து, சுத்தம் பண்ணிக் குடுங்க."

"லாக்கரு இன்னாத்துக்குடி? வூட்லயே கெடக்கட்டும்" என்றாள் பக்கத்திலிருந்த அம்மா.

ஒரு வாரமாக இதே சண்டை. எர்ணாவூரில் எங்கள் குடியிருப்புக் கதவை ஓங்கித் தள்ளினால் தாழ்ப்பாள் கையோடு வரும். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் நான் வாங்கியது. முதல் லாக்கரும் நான் வாங்கியது. அதில் வைக்க இந்த ஒரு பொருளைத் தவிர எங்களிடம் வேறொன்றும் கிடையாது.

ஆலிஸ் அம்மா வீட்டில் அம்மா சாயங்கால வேலை பார்த்தாள். கண்மூடுவதற்கு முன் அவர் கடிதம் எழுதி, மாலையையும் கொடுத்துவிட்டுப் போனார். பதினோரு வருடமாக பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது. அம்மா ஒரு கல்யாணத்துக்கும் போட்டதில்லை. கேட்டால், "உனக்குத்தாண்டி" என்பாள்.

அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல புடவை எனக்கு. மீனில் நடுத்துண்டு எனக்கு. முத்தும் எனக்கு. அவள் வாழாமல் விட்டதையெல்லாம் நான்தான் வாழ்ந்து தீர்க்க வேண்டுமா?

"லாக்கர்ல போட்டா காஞ்சு செத்துரும்மா" என்றார் பெர்சிஸ் அக்கா. "முத்துக்கு மேலுச்சூடு வேணும், ஒடம்புலயே கெடக்கணும். குளிச்சு, பவுடரெல்லாம் போட்டு முடிச்சு, கடைசியாப் போடணும். கழட்டினதும் மெத்துத் துணியால தொடச்சு வைக்கணும். இப்ப போடுதவங்க நல்லாத்தான் வச்சிருக்காங்க."

"யாரும் போடறதில்லக்கா. டப்பாவுலதான் இருக்கு."

"டப்பால கெடந்ததுதான் இப்படி மின்னுதாக்கும்?"

பூதக்கண்ணாடியை என் பக்கம் நகர்த்தினார். குனிந்து பார்த்தேன். முத்துக்கும் முத்துக்கும் நடுவே நூல் முடிச்சுகள். ஒவ்வொன்றிலும் மஞ்சள் ஊறியிருந்தது.

"மஞ்சத் தேச்சுக் குளிக்கிற கழுத்தும்மா இது."

ஆலிஸ் அம்மா ஆயுசுக்கும் பவுடரைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. மஞ்சள் தேய்த்துக் குளிக்கிறவள் எங்கள் வீட்டில் ஒருத்திதான்.

திரும்பினேன். அம்மா கடையின் மின்விசிறியை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி மொறைக்கிற? காத்தால வேலைக்குப் போவசொல்ல போட்டுக்குவேன். மேல கார்ப்பரேசன் கோட்ட மாட்டிக்கினா தெரியாது. குப்ப வாரவ கழுத்த எவன் பாக்கப்போறான்?"

ஐந்து மணிக்கு நான் தூங்கிக்கொண்டிருப்பேன். பதினோரு வருடம். கல்மண்டபத்துச் சாலை நெடுக, மீன் லாரியிலிருந்து ஒழுகின தண்ணீரையும் லோடு வண்டி கிளப்பின தூசியையும் முத்து மாலை போட்டுக்கொண்டு பெருக்கியிருக்கிறாள்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது.

பெர்சிஸ் அக்கா பழைய நூலை வெட்டி, புதுப் பட்டு நூலை எடுத்தார். "அதே நீளந்தானம்மா?"

"அதே இருக்கட்டும்" என்றாள் அம்மா அவசரமாக.

"வேணாங்க்கா" என்றேன். "ரெண்டு வெரக்கடை கொறைச்சுக் கோத்துக் குடுங்க. கோட்டுக் காலருக்கு மேல தெரியணும்."