அடையாள அட்டையில் உள்ளபடி

“நாங்கதான் ஏதும் தப்பா அமுக்கிட்டோமா தம்பி? பச்சை டிக் வந்துச்சே. அதுக்கப்புறம் ஒன்னுமே வரல லா.”

கஸ்தூரி அக்கா போனை என் மடிக்கணினிக்கு மேலேயே நீட்டினார். கூலாயில் இந்த டயாலிசிஸ் மையத்துக்கு இணையதளம் எழுதிக் கொடுத்தவன் நான். தாதி கிறிஸ்டின்தான் அவரை என்னிடம் கைகாட்டி விட்டிருந்தார்.

போனில் நாலு மாதத்துக்கு முன் திரையைப் பிடித்து வைத்த படம். ‘பதிவாகிவிட்டது. இடம் காலியானதும் அழைப்போம்.’ நான் எழுதிய வாசகம்.

கணவர் மூர்த்தி வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தார். வாரம் மூன்று முறை ரத்தம் சுத்தம் செய்ய வேண்டிய உடம்பு. இப்போது போகிற பெர்மாஸ் ஜெயா மையத்தில் இரண்டு முறைக்குத்தான் இடம் இருக்கிறதாம். பாதம் வீங்கி, சிலிப்பர் பாதிதான் ஏறியிருந்தது.

காத்திருப்போர் பட்டியலில் தேடினேன். அவர் பெயர் இல்லை.

சர்வரின் பதிவேட்டைத் திறந்தேன். வந்துபோன கோரிக்கை எல்லாம் அதில் இருக்கும். அங்கே இருந்தார். தளம் திறந்த நாலாவது நிமிடம், முதல் ஆளாக. பக்கத்தில் 404, அதாவது ‘காணோம்’.

அவருக்குக் கீழே இன்னும் பதினாறு 404. பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். தேன்மொழி A/P, லெட்சுமணன் A/L, கருப்பாயி A/P. மலாயில் A/L என்றால் இன்னார் மகன், A/P என்றால் இன்னார் மகள்; நம் ஆட்களின் அடையாள அட்டையில் பெயரோடு வரும். சீனர்களான டான்களும் மலாய்க்காரர்களான அகமதுகளும் ஒழுங்காக உள்ளே போயிருந்தார்கள். நம் ஆட்களில் ஒருவர்கூடப் போகவில்லை.

‘பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி எழுதவும்’ என்று படிவத்தில் போட்டவன் நான். அந்தப் பெயரை அப்படியே இணைய முகவரிக்குள் செருகி அனுப்பியவனும் நான்தான். முகவரியில் சாய்கோடு வந்தால், அடுத்த அறைக்குப் போ என்று சர்வருக்கு அர்த்தம். A-க்கும் L-க்கும் நடுவே இருந்த கோட்டைப் பார்த்து, அது இல்லாத அறையைத் தேடிப் போய், காணோம் என்று திரும்பியிருக்கிறது.

அதை என்னிடம் சொல்லவும் செய்தது. நான் பயன்படுத்திய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி நல்ல பிள்ளை. பதில் 404 என்றால் பிழையைக் கொண்டுவந்து ‘கேட்ச்’ என்ற இடத்தில் கொடுத்துவிடும். அங்கே என்ன செய்வது என்பது எழுதுகிறவன் பாடு.

பிழை என்று சிவப்பு எழுத்தைப் பார்த்தால் நோயாளிகள் பயப்படுவார்கள் என்றார் மையத்தின் மேனேஜர். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கேயும் பச்சை டிக்கையே வைத்தேன். பிறகு பார்க்கவில்லை.

“நீங்க ஒன்னும் தப்பு பண்ணல அக்கா. சிஸ்டத்துல கோளாறு,” என்றேன்.

சொன்ன வாய் கூசியது. சிஸ்டம் நாலு மாதமாக உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பதினேழு பெயரையும் அவரவர் தேதியோடு பட்டியலில் ஏற்றினேன். அடுத்த இடம் மூர்த்தி அண்ணனுக்குத்தான் என்றேன். அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

எப்போது காலியாகும் என்று அவர் கேட்கவில்லை. இங்கே ஒரு நாற்காலி எப்படிக் காலியாகும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். இந்த நாலு மாதத்தில் காலியானது ஒன்றே ஒன்று, ஆறாம் எண்.

“யூஜின், அப்பாவுக்கு முடிஞ்சிருச்சு. வந்து கூட்டிட்டுப் போங்க,” என்று கிறிஸ்டின் உள்ளிருந்து என்னைக் கூப்பிட்டார்.

ஆறாம் எண்ணிலிருந்து அப்பா எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயரிலும் A/L உண்டு. படிவத்தில் போட்டிருந்தால் கோளாறு அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கும். நான் போடவில்லை. தளம் திறப்பதற்கு முதல் நாளே, பட்டியலின் தலையில் அவர் பெயரை என் கையாலேயே எழுதிவிட்டேன்.

நான் மடிக்கணினியை மூடுவதற்குள் கஸ்தூரி அக்கா உள்ளே ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.