எட்டாத விரல்

"ஏங்க, எனக்குப் பயமா இருக்கு. பேசாம வீட்டுக்குப் போயிடலாமா?"

"நல்லா இருக்கே கதை! ரெண்டு பஸ் மாறி வந்தது இந்த நாற்காலியில உக்காந்து பாத்துட்டுப் போறதுக்கா? மூச்சை நல்லா இழுத்து விடு" என்றார் தையல்காரர். சொன்னாரே தவிர, மனைவியின் கிட்டார் பெட்டியை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தது அவர்தான்.

ஒலிப்பதிவுக் கூடத்தின் வராந்தா முழுக்கக் கிட்டாரும் கையுமாக ஆட்கள். உள்ளே இருப்பவர் கிட்டார் மேதை தொப்பிக்காரர். ரசிகர்கள் ஆசையாக வைத்த பெயர். ஜாஸ், ப்ளூஸ், ராக் என்று மேற்கத்திய இசை எல்லாவற்றிலும் ஒரு கை பார்த்த மனிதர். அடுத்த மாதம் கிளம்பும் வெளிநாட்டுப் பயணத்தில் கூடவே வாசிக்க அவருக்கு ஓர் ஆள் வேண்டுமாம். அவருடைய 'கூரைமேல் மழை' என்ற பாட்டைக் கிட்டாரில் வாசித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் தேர்வு.

தையல்காரரின் மனைவி ஓர் ஓட்டலில் மாலை நேரத்தில் சாப்பிட வருகிறவர்களுக்குக் கிட்டார் வாசிப்பவள். இனிமேல் பதிவு செய்த பாட்டே போதும் என்று முதலாளி கையை விரித்துவிட்டார். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் கிட்டாரைப் பரணில் போட்டுவிட்டு, கணவனோடு கடையில் உட்கார்ந்து பித்தான் தைப்பதாக அவள் முடிவு செய்திருந்தாள். அவள் பித்தான் தைக்கும் லட்சணம் ஊரறிந்தது.

அவளுக்குக் குரு என்று யாரும் கிடையாது. அட்டைகூட இல்லாத ஒரு பழைய கேசட்தான் எல்லாம். அதைக் கேட்டுக் கேட்டே 'கூரைமேல் மழை'யை விரலில் ஏற்றியிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அதைக் கேட்டதில், தையல்காரரின் கால் அந்தத் தாளத்தில்தான் மெஷினையே மிதிக்கும்.

உள்ளே யாரோ வாசிப்பது கேட்டது. தையல்காரர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஏம்மா, இவன் பாதியைத்தானே வாசிக்கிறான்? அடியில திமுதிமுன்னு ஒண்ணு ஓடுமே, அது எங்கே?"

"அதான் எனக்கும் புரியல. உள்ளே போன எல்லாருமே அதை விட்டுட்டாங்க."

"அப்ப இந்த வேலை உனக்குத்தான்! எழுதி வெச்சுக்கோ!"

"சத்தம் போடாதீங்க. நான் மட்டும் முழுசாவா வாசிக்கிறேன்? முடியுற இடத்துல அந்த ஒரு ஸ்வரத்துக்கு இத்தனை வருஷமா விரல் எட்டவே இல்லையே. அவர் காதுக்கு அது தப்புமா?"

அதற்குள் அவளை அழைத்துவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தையல்காரரும் கூடவே நுழைந்துவிட்டார். யாரும் தடுக்கவில்லை. கதவோரமாக ஒட்டிக்கொண்டார்.

தொப்பிக்காரர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். காலையிலிருந்து கேட்ட அலுப்பு முகத்தில் தெரிந்தது.

"யார்கிட்ட கத்துக்கிட்டே?"

"உங்ககிட்டதான் சார். கேசட்ல."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. சரி, வாசி."

அவள் ஆரம்பித்தாள். கட்டைவிரல் அடியில் ஒரு பக்கம் ஓட, மற்ற விரல்கள் மேலே தூறலைக் கொட்டின. தொப்பிக்காரர் கண்ணைத் திறந்தார். நிமிர்ந்தார். பிறகு எழுந்தே வந்துவிட்டார். அவளுக்கு எதிரில் குனிந்து நின்று, இடது கையையும் வலது கையையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் கையைக் காட்டி இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார்.

தையல்காரருக்குப் புல்லரித்தது. வீட்டில் ஒருநாளும் அவள் இப்படி வாசித்ததில்லை. கத்திவிடுவோமோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

கடைசிக் கட்டம் வந்தது. அவள் விரலை முடிந்தவரை விரித்தாள். எட்டவில்லை. அந்த ஒரு ஸ்வரம் விழாமலே பாட்டு முடிந்தது.

அவள் எழுந்து கிட்டாரைப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினாள். கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சிடுங்க சார். என்னால முடிஞ்சது இவ்வளவுதான்."

"எங்கே கிளம்பிட்டே? பாஸ்போர்ட் இருக்கா?"

அவள் திகைத்து நிற்க, "இருக்கு சார்! இல்லாட்டியும் நாளைக்கே எடுத்துடுவோம் சார்!" என்று கதவோரமிருந்து துள்ளிக் குதித்தார் தையல்காரர். அறையே சிரித்தது. ஆனால் அவளால் சிரிக்க முடியவில்லை.

"ஆனா சார், அந்த ஒரு ஸ்வரம்... உங்க விரலுக்கு எட்டினது என் விரலுக்கு எட்டலையே! அதை எப்படிப் பிடிச்சீங்கன்னு மட்டும் ஒருதரம் காட்டுங்க சார். ராத்திரி பகலா உக்காந்து கத்துக்கிறேன்."

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என் விரலுக்கு மட்டும் எங்கேம்மா எட்டுச்சு? அந்தப் பாட்டை நான் இதுவரைக்கும் மேடையில வாசிச்சதே இல்லை. வாசிக்க முடியாமத்தான் கூட ஒரு ஆள் தேடுறேன். மேலே கேக்கிறதை முதல்ல வாசிச்சுப் பதிவு பண்ணினேன். அடியில ஓடுறதை மறுநாள் வந்து அதுமேலேயே வாசிச்சுச் சேத்தேன். நீ இவ்வளவு நாளா ஒத்தைக் கிட்டார்னு நெனச்சு வாசிச்சுக்கிட்டு இருக்கிறது, ரெண்டு கிட்டாரும்மா!"