திட்டு வாங்கிய ரோடு

எந்த ரோடு அதிகம் திட்டு வாங்குகிறதோ அதற்குத்தான் முதலில் நிதி என்று, மாநகராட்சி விளக்குக் கம்பங்களுக்குத் திட்டுகளை எண்ணும் காது வைத்து இரண்டு வருடமாகிறது.

ஆறாவது தெருவில் இட்லி வண்டி தள்ளும் பூங்காவனம் தன்னால் முடிந்தவரை திட்டிக்கொண்டுதான் இருந்தாள். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் பாதி சாம்பார் தரைக்குப் போனால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? ஆனால் அந்தத் தெருவில் வாய் திறப்பவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் கௌரவம் பார்ப்பவர்கள். ஏழாவது தெருவில் எல்லோருமே வண்டை வண்டையாகத் திட்டினார்கள். அவர்களுக்குக் கண்ணாடி மாதிரி ரோடு வந்துவிட்டது.

அங்கே இட்லி விற்கும் குமுதா ஒற்றைக் கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் பூங்காவனத்துக்கு வயிறு எரிந்தது.

"இன்னாக்கா, இன்னிக்கும் சாம்பார ரோடு குடிச்சிடுச்சா?" என்று அன்று சிரித்தாள் குமுதா.

பூங்காவனம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏழாவது தெருவின் நடுவில் போய் நின்றாள். வாரித் தூற்ற அந்த வழவழப்பில் மண் ஏது? தன் தெருப் பள்ளத்திலிருந்தே இரண்டு கையிலும் அள்ளி வந்து இறைத்தாள்.

"இந்த ரோடு நாசமாப் போவ! பாளம் பாளமா வெடிச்சிப் போவ!"

தொண்டை கட்டும்வரை விடவில்லை.

மறுநாள் காலை தார் லாரி வந்தது. பூங்காவனம் பதறியடித்து வண்டியை ஓரங்கட்டி வழிவிட்டாள். லாரி அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறி, புழுதியை அவள் இட்லியின் மேல் வாரியிறைத்துவிட்டு, ஏழாவது தெருவுக்குள் திரும்பியது.

"ஒரே நாள்ல எங்க ரோட்ட மறுபடி மொத எடத்துக்குக் கொண்டாந்துட்டியேக்கா!" என்று குமுதா கையெடுத்துக் கும்பிட்டாள்.

பூங்காவனம் திட்ட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.