நீலக் கோட்டு

"கோட்டைக் கழற்றுங்க அமசா. அது எந்த ஊர்த் துணின்னு எல்லாரும் பார்க்கட்டும்" என்றார் பெலெக் ஷெல்டன்.

ஊர்க்கூட்ட மண்டபத்தில் இருந்தவர்கள் அமசாவின் நீலக் கோட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இங்கிலாந்துக் கப்பல்கள் எங்கள் அமெரிக்க மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. துணி வியாபாரி அமசா ஆல்டிரிச், ரோட் ஐலண்ட் மாநிலச் சட்டசபைத் தேர்தலில் ஷெல்டனை எதிர்த்து நின்றார். இங்கிலாந்துத் துணியைத் தொடாதீர்கள், ஆற்றோரத்து என் ஆலைத் துணி அதற்குக் குறைந்ததில்லை என்று குளிர்காலம் முழுக்கப் பேசியிருந்தார்.

பேசும்போதெல்லாம், தன் மேலிருப்பது லண்டன் கோட்டு என்ற நினைப்பு அவரைக் குத்தும்.

தன் ஆலைத் துணி அவருக்குப் பிடிக்காது. அது மனைவி ஹல்டாவுக்கு மட்டும்தான் தெரியும்.

வேறு வழியில்லாமல் கழற்றிக் கொடுத்தார். பொத்தான்கள் லண்டன் சரக்கு என்று ஷெல்டன் தூக்கிக் காட்டினார். பொத்தான் கிடக்கட்டும், துணியைப் பாருங்கள் என்றது பின்வரிசை.

கோட்டு நெசவாளி ஓபெட்டிடம் போனது. கூலித் தகராறில் அமசாவின் ஆலையை விட்டுப் போனவன். தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டார் அமசா.

ஓபெட் உள்மடிப்பைப் பிரித்து ஒரு நூலை உருவினான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நம்ம ஆற்றோரத்து ஆலைத் துணிதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

ஓட்டு அமசா பக்கம் விழுந்தது.

வாசலில் ஓபெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த உதவியை மறக்கமாட்டேன் என்றார். உள்ளதைச் சொன்னதற்கு எதற்கு நன்றி என்று கேட்டுவிட்டு அவன் போய்விட்டான். என்ன பெருந்தன்மை என்று நெகிழ்ந்துபோனார் அமசா.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் ஹல்டாவிடம் சொன்னார். எனக்காக ஒருத்தன் ஊர்க்கூட்டத்தில் பொய் சொன்னான் என்றார்.

ஹல்டாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போன இலையுதிர் காலத்திலேயே லண்டன் கோட்டைப் பூச்சி அரித்துவிட்டதாம். நம் ஆலைத் துணியில் அதே நீலத்தில் அதே அளவுக்குத் தைக்கச் சொல்லி, பழைய பொத்தான்களைப் பிரித்து இதில் வைத்தாளாம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொல்லியிருந்தா போட்டிருப்பீங்களா?"

அன்று சாப்பிட உட்கார்ந்தபோதும் அமசா அந்தக் கோட்டைக் கழற்றவில்லை.